மரப்பட்டையில் மீண்ட கதைகள்

ஒரு சிறுவர் கதை. தன் குலத்தாரையும் அவர்கள் சொல்லிவந்த கதைகளையும் தொலைத்துவிட்டு ஒரு பெண் ஏங்கித் தவிக்கிறாள். நல்ல தெய்வம் ஒன்று அவளுக்கு வழி காட்டுகிறது. பட்டை காகிதம்போல உரிந்து வரும் மரத்திடம் போய்ப் பட்டை வாங்கிக்கொள்கிறாள். அணைந்துபோன பழைய அடுப்புகளில் கிடக்கும் கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொள்கிறாள். அந்தக் கரியால் அந்தப் பட்டையில், தொலைந்த கதைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறாள். கடைசியில் அவள் தேடிய மக்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த மரத்தின் பெயர் ஊட்ஜெரூ.

இந்தக் கதை 1972-ல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. எழுதியவர் பெயர் அப்போது கேத் வாக்கர். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த வெள்ளைக்காரப் பெயரை உதறிவிட்டு, தான் எழுதிய கதையில் வரும் மரத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். ஊட்ஜெரூ நூநுக்கல் என்றால், நூநுக்கல் குலத்து ஊட்ஜெரூ என்று பொருள். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களில் கவிதை நூல் வெளியிட்ட முதல் ஆள் இவர்தான். குழந்தைகளுக்கும் எழுதினார், தானே படமும் வரைந்தார். பணிப்பெண்ணாகப் பாத்திரம் கழுவத் தொடங்கிய அந்தக் கை எழுத்துக்கு வந்து சேர்ந்த வழியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பாக நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தீவில் ஒரு சிறுமி

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் குயின்ஸ்லாந்து மாநிலம். அதன் தலைநகர் பிரிஸ்பேனுக்கு அருகே கடலில் ஒரு பெரிய மணல் தீவு இருக்கிறது. அதன் பூர்வீகப் பெயர் மிஞ்சரிபா. ஆங்கிலேயர் வந்து வடக்கு ஸ்ட்ராட்புரோக் என்று பெயர் மாற்றினார்கள். அந்தத் தீவின் நூநுக்கல் குலத்தில் 1920 நவம்பர் 3-ம் தேதி கேத்லீன் பிறந்தார். வீட்டில் ஏழு பிள்ளைகள்.

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் அந்த மண்ணில் 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருபவர்கள். ஆங்கிலேயர் குடியேறியது 1788-ல். வந்தவர்கள், இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லிக் கண்டத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1897-ல் குயின்ஸ்லாந்து அரசு, பழங்குடியினரைப் ‘பாதுகாக்கிறோம்’ என்று ஒரு சட்டம் போட்டது. அவர்கள் எங்கே குடியிருக்க வேண்டும், யாரிடம் வேலை செய்ய வேண்டும், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் அரசு அதிகாரிகள் முடிவு செய்தார்கள். உழைத்தவரின் கூலிகூட அதிகாரியின் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. அப்படிக் கைக்கு வராமல் போன கூலிக்காகப் பழங்குடி மக்கள் பின்னாளில் வழக்குத் தொடுத்தார்கள். 2019-ல் குயின்ஸ்லாந்து அரசு 19 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. கூலி வாங்காமலே செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர்.

கேத்தின் அப்பா அரசு வேலையில் இருந்த தொழிலாளி. பழங்குடித் தொழிலாளர்களுக்குக் கூலியைக் குறைத்துக்கொடுத்து, அதோடு கொஞ்சம் அரிசியும் ஜவ்வரிசியும் அளந்து போடுவது அரசின் வழக்கம். நியாயமான கூலி கேட்டு நின்றவர்களில் அவர் முன்னால் நின்றார். அந்தக் குணம் மகளுக்கும் வந்தது.

அளந்து போட்டது வயிற்றுக்குப் போதாது. மீனும் நண்டும் பறவையும் பிடித்துத்தான் வீடு நடந்தது. அப்பா பிள்ளைகளுக்குச் சொன்ன சட்டம் ஒன்று உண்டு: தின்பதற்காக மட்டுமே கொல்லலாம், விளையாட்டுக்காக ஓர் உயிரைத் தொடக் கூடாது. ஒருநாள் பிள்ளைகள் கவண்கல்லால் குக்கபரா என்ற பறவையை அடித்துவிட்டார்கள். மனிதர் சிரிப்பதுபோலவே ஒலி எழுப்பும் பறவை அது, கொல்லக் கூடாதது. வேட்டைக் கருவிகளையே தொடக் கூடாது என்று அப்பா தண்டனை கொடுத்தார். அப்பாவின் குலக்குறி மலைப்பாம்பு வகையைச் சேர்ந்த கம்பளப் பாம்பு. அப்படி ஒன்றை அவர் வீட்டிலேயே வைத்திருந்தார். அம்மாவுக்கு அதைக் கண்டால் ஆகாது. அவருடைய கோழிகள் மேல் அதற்குக் கண். இந்தச் சண்டைகளையெல்லாம் ஊட்ஜெரூ பின்னால் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் கதைகளாக எழுதினார்.

அம்மாவுக்கு எட்டாத எழுத்து

அம்மாவின் கதையில் சிரிப்பு இல்லை. அவர் உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தவர். பழங்குடித் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் பிறந்தவர். அப்படிப் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிகளில் அடைப்பது அந்நாட்டு அரசுகள் பல பத்தாண்டுகள் நடத்திவந்த வழக்கம். ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்று அவர்களைச் சொல்கிறார்கள். கேத்தின் அம்மாவும் சிறுமியாக இருந்தபோது விடுதிக்குக் கொண்டுபோகப்பட்டார். பிறகு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு யாரும் எழுதப் படிக்கக் கற்றுத்தரவில்லை. வேலைக்காரிக்கு எழுத்து எதற்கு என்று நினைத்தார்கள்.

மகள் பள்ளிக்கூடம் போனார். இடது கைப் பழக்கம் உள்ளவர். இடது கையால் எழுதினால் அடி விழுந்தது. 13 வயதில் படிப்பு நின்றது. 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலம் அது. பிரிஸ்பேன் நகரில் வீட்டு வேலைக்குப் போனார். அதே வேலைக்கு வெள்ளைக்காரப் பெண் வாங்கிய கூலியைவிட அவருக்குக் கூலி குறைவு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. கேத்தின் அண்ணன்மார் இருவர் அங்கே போர்க் கைதிகள் ஆனார்கள். அதே ஆண்டு கேத் ராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். தொலைபேசி இணைப்புகளை இயக்கும் வேலை. பிறந்ததிலிருந்து பார்த்த நிறவேற்றுமை ராணுவத்தில் குறைவாக இருந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ராணுவத்தில் இருந்தவர்களுக்கான திட்டத்தில் தட்டச்சும் கணக்கெழுதவும் கற்றுக்கொண்டார். ஆனாலும் போர் முடிந்த பிறகு பிழைப்புக்கு மறுபடியும் வீட்டு வேலைதான். இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்த்தபடி, கிடைத்த நேரத்தில் புத்தகம் படித்தார்.

வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற அரசின் கொள்கையை எதிர்த்ததால் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஆனால், மேடையில் அவர் பேச வேண்டியதைக் கட்சிக்காரர்கள் எழுதித்தர முற்பட்டபோது வெளியே வந்துவிட்டார். தன் பேச்சைத் தானே பேச வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

முதல் புத்தகம்

தன் கதையைத் தானே சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம்? ஊட்ஜெரூவுக்கு முந்தைய தலைமுறையில் டேவிட் யுனைபன் என்ற பழங்குடி அறிஞர் இருந்தார். தன் மக்களின் தொன்மக் கதைகளைத் தேடித் தேடி எழுதியவர். அந்தக் கையெழுத்துப்படிகள் ஒரு வெள்ளைக்கார மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தன. 1930-ல் அவை புத்தகமாக லண்டனில் வெளிவந்தபோது அட்டையில் இருந்தது மருத்துவரின் பெயர். யுனைபன் பெயர் இல்லை. அவர் பெயரோடு அந்த நூல் மீண்டும் வெளிவர 2001 வரை ஆயிற்று. இன்று ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது. எழுதியவனின் பெயரைத் திருப்பித் தர ஒரு நாட்டுக்கு 70 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்தச் சூழலில்தான் கேத் வாக்கர் கவிதை எழுதினார். பிரிஸ்பேனில் எழுத்தாளர் கூட்டங்களில் வாசித்தார். புகழ்பெற்ற கவிஞர் ஜூடித் ரைட், ஜகரண்டா பதிப்பகத்துக்காக அந்தக் கவிதைகளைப் படித்துப் பார்த்து, இவற்றை வெளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1964-ல் ‘வீ ஆர் கோயிங்’ என்ற தொகுப்பு வந்தது. ‘நாங்கள் போகிறோம்’ என்று பொருள். அழிந்தது போக மிஞ்சிய ஒரு சிறு கூட்டம், தங்கள் சடங்குக் களத்தைப் பார்க்க வருகிறது. அந்த இடம் வெள்ளைக்கார ஊரின் குப்பைமேடாகிக் கிடக்கிறது. தலைப்புக் கவிதையின் காட்சி இதுதான். சொந்த மண்ணில் அந்நியராக நிற்கும் அந்த அமைதி நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே புரியும்.

சில மாதங்களுக்குள் அந்தப் புத்தகம் பலமுறை மறுபதிப்பு ஆனது. விமர்சகர்கள் சிலர் இது கவிதையல்ல, பிரச்சாரம் என்றார்கள். ஒரு பழங்குடிப் பெண்ணால் இப்படி எழுத முடியுமா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ‘இது இலக்கியமா, பிரச்சாரமா?’ என்ற கேள்வி நம் தலித் எழுத்தாளர்களுக்கும் பழகிப்போனது. தன் எழுத்து எளிமையானது, உரிமைக் குரல் கொண்டது என்பதை ஊட்ஜெரூ மறுக்கவே இல்லை. தன் மக்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதே அவர் கணக்கு. 1966-ல் இரண்டாவது தொகுப்பும் வந்தது.

அவர் மகனுக்கு எழுதிய கவிதை ஒன்று பலருக்கும் தெரிந்தது. நிறவெறியால் மனம் நொந்த மகன் தாயிடம் கேட்கிறான். நடந்த கொடுமைகளையெல்லாம் அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவும் சொற்கள் இருக்கின்றன. ஆனால், நல்ல மனிதர்களைப் பற்றியும் வரப்போகும் நல்ல நாளைப் பற்றியும் சொல்லத் தீர்மானிக்கிறாள். கொடுமையை மறைப்பது அவள் நோக்கமல்ல. பிள்ளையின் நெஞ்சில் வெறுப்பு ஏறிவிடக் கூடாது என்பதே அவள் கவலை. பின்னாளில் அவர் குழந்தைகளுக்காக எழுதியதன் விதை இதில் இருக்கிறது.

எண்ணப்படாத மக்கள்

அந்நாட்டு அரசியல் சட்டத்தில் 127-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அது. ஆடு மாடுகளுக்குக் கணக்கு இருந்த நாட்டில் ஆதிக்குடிகளுக்குக் கணக்கு இல்லை. பழங்குடியினருக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரமும் மத்திய அரசுக்குக் கிடையாது. எல்லாம் மாநிலங்களின் கையில்.

இதை மாற்றப் போராடிய தேசிய அமைப்பில் ஊட்ஜெரூ குயின்ஸ்லாந்து மாநிலச் செயலாளராக இருந்தார். 1963-ல் ஒரு தூதுக்குழு தலைநகர் கான்பெராவில் பிரதமர் ராபர்ட் மென்சிஸைச் சந்தித்தது. பேச்சின் முடிவில் பிரதமர் உபசாரமாக மது அருந்தச் சொன்னார். குயின்ஸ்லாந்தில் பழங்குடியினருக்கு இப்படி மது கொடுத்தால் கொடுத்தவரைச் சிறையில் போடுவார்கள் என்று ஊட்ஜெரூ எடுத்துச் சொன்னார். தன் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருப்பதே பிரதமருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். 1967 மே 27 அன்று நாடு முழுவதும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 90 சதவீதத்துக்கும் மேல் ‘ஆம்’ என்று வாக்களித்தார்கள். ஆஸ்திரேலியப் பொதுவாக்கெடுப்புகளில் இதுவரை எதற்கும் அவ்வளவு ஆதரவு கிடைத்ததில்லை. 127-வது பிரிவு நீக்கப்பட்டது. மத்திய அரசுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரமும் வந்தது. மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வாக்கெடுப்பில்தான் பழங்குடியினருக்கு வாக்குரிமை கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. நாடாளுமன்றத் தேர்தலுக்கு 1962-லேயே அந்த உரிமை எல்லாருக்கும் வந்துவிட்டது. மாநிலத் தேர்தலில் கடைசியாக அதைத் தந்தது குயின்ஸ்லாந்து, 1965-ல். அடுத்த நான்காவது ஆண்டு ஊட்ஜெரூ அங்கே சட்டமன்றத் தேர்தலிலேயே போட்டியிட்டார். வெற்றி கிடைக்கவில்லை.

உட்காரும் இடம்

சட்டம் மாறியது. மனம் மாற வேண்டாமா? பெரியவர்களிடம் பேசிப் பேசிக் களைத்தவர் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1970-களின் தொடக்கத்தில் சொந்தத் தீவுக்கே போனார். மூங்கால்பா என்ற இடத்தில் குடியேறினார். ‘உட்காரும் இடம்’ என்று அதற்குப் பொருள். கேரவன் வண்டிதான் வீடு. சுற்றிலும் மரங்கள். அங்கே ஒரு கல்வி, பண்பாட்டு மையத்தைத் தொடங்கினார்.

வகுப்பறை இல்லை, கரும்பலகை இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கினார்கள். கரையில் சிப்பி பொறுக்கவும், காட்டில் எதைத் தின்னலாம் எதைத் தின்னக் கூடாது என்று பார்க்கவும் கற்றார்கள். இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். பழங்குடிப் பிள்ளைகளும் வந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வந்தார்கள். வேற்றுமை பார்க்கவில்லை. அடித்தவன் வீட்டுப் பிள்ளைக்கும் தன் பாட்டன் கதையைச் சொன்னார். ஆண்டுகள் செல்லச் செல்லப் பல்லாயிரம் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்து போனார்கள்.

1972-ல் வந்த ‘ஸ்ட்ராட்புரோக் டிரீம்டைம்’ நூலின் முதல் பாதி அவருடைய சிறுவயது நினைவுகள். கவண்கல்லும் கம்பளப் பாம்பும் வருவது இதில்தான். மறுபாதி பழைய தொன்மக் கதைகளும் அவற்றின் சாயலில் அவரே புனைந்த புதிய கதைகளும். முன்னோர் கதைகளை அருங்காட்சியகப் பொருளாக அவர் பார்க்கவில்லை. நேற்று வந்த கதையும் கதைதான், நாளை நீ சொல்லப்போவதும் கதைதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். 1981-ல் ‘ஃபாதர் ஸ்கை அண்ட் மதர் எர்த்’ என்ற படக்கதை வந்தது. வானத் தந்தையும் பூமித் தாயும் உலகைப் படைத்த கதை அது. அந்த உலகை மனிதர் எப்படிப் பாழாக்குகிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னார். படங்களும் அவர் வரைந்தவை. தீவின் மணலைச் சுரண்டிய சுரங்கத் தொழிலை எதிர்த்து நின்றவர் அவர். அந்தக் கதையின் வலி எங்கிருந்து வந்தது என்று நாம் ஊகிக்கலாம்.

எழுதுவதற்கு அவர் இடமும் பொருளும் பார்த்ததில்லை. 1974-ல் நைஜீரியாவில் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது அவர் வந்த விமானம் கடத்தப்பட்டது. பயணி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அச்சத்திலும், வாந்தி எடுக்கக் கொடுக்கும் காகிதப் பையின் மேல் அவர் கவிதை எழுதினார். மரப்பட்டை இல்லாத இடத்தில் அதுவே பட்டை.

பெயரைத் திருப்பி எடுத்தவர்

1970-ல் பிரிட்டிஷ் அரசியின் பெயரால் எம்.பி.இ. என்ற விருது அவருக்குக் கிடைத்திருந்தது. 1988-ல் ஆங்கிலேயர் குடியேறிய 200-வது ஆண்டைக் கோலாகலமாகக் கொண்டாட ஆஸ்திரேலிய அரசு ஏற்பாடு செய்தது. யாருடைய நிலம் பறிபோன நாளை யார் கொண்டாடுவது? 1987-ல் அந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். கேத் வாக்கர் என்ற பெயரையும் விட்டார். ஊட்ஜெரூ ஆனார்.

அவருடைய இளைய மகன் விவியனும் கபுல் என்ற குலப் பெயரைச் சூட்டிக்கொண்டார். கம்பளப் பாம்பின் பெயர் அது, தாத்தாவின் குலக்குறி. தாயும் மகனும் சேர்ந்து ‘தி ரெயின்போ செர்பன்ட்’ என்ற நூலை எழுதினார்கள். 1988-ல் பிரிஸ்பேன் உலகக் கண்காட்சியில் அந்த வானவில் நாகத்தின் கதை காட்சியாகவும் அரங்கேறியது. மூன்று ஆண்டுகளில் மகன் இறந்துபோனார். 1993 செப்டம்பர் 16 அன்று ஊட்ஜெரூவும் காலமானார். மூங்கால்பாவில் மகனுக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள்.

2011-ல் மிஞ்சரிபா தீவின் மீது அதன் ஆதிக்குடிகளுக்கு உள்ள பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2017 முதல் குயின்ஸ்லாந்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஊட்ஜெரூ என்று பெயர். பழங்குடியினருக்கு வாக்குரிமை தரக் கடைசிவரை தயங்கிய அதே மாநிலம்தான் அது. ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. பழங்குடியினரின் கருத்தை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று 2023-ல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஆறு பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். 1967-ல் ‘ஆம்’ என்ற நாடு அது.

ஊட்ஜெரூவின் அம்மாவுக்கு எழுத்து தரப்படவில்லை. ஆனால் கதைகள் இருந்தன. மகள் அவற்றை எழுத்தில் ஏற்றினார். நம் வீடுகளிலும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் இருக்கிறார்கள். நடவு வயலில் பாடிய பாட்டு, கூலி கேட்டு நின்ற நாள், ஊர்க் கிணற்றில் தண்ணீர் மறுத்த கதை எல்லாம் அவர்கள் நெஞ்சில் இருக்கின்றன. அவர்களோடு அவை போய்விட்டால், நாளைக்கு வேறு யாரோ தன் பெயரில் எழுதுவார்கள். அல்லது யாருமே எழுத மாட்டார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே, உங்கள் நோட்டில் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. இன்று இரவு பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள்.